கூட்டைத் திறந்தது சரி, யன்னல்தான் பிழை

இந்த ஜெர்மனியில் குண்டுக்கும் டெர்மின் உண்டு. நாள் குறித்து, நேரம் குறித்து, கதவு மணியடித்து, ஞாயிற்றுக்கிழமை காலை தயவுசெய்து வீட்டைவிட்டு வெளியேறுங்கள் என்று ஒரு துண்டுப்பிரசுரத்தையும் கையில் தந்து, இனிய நாளாகட்டும் என்று வாழ்த்திவிட்டும் போவார்கள். ஊரில் என் தலைக்கு மேலே வந்த பொம்மர்கள் ஒருநாளும் டெர்மின் எடுத்துக்கொண்டு வந்ததில்லை. அதனால் நகரசபைப் பிள்ளைகள் இரண்டு பேர் மஞ்சள் சட்டையோடு வந்து நின்று விளக்கம் சொன்னபோது, நான் மரியாதையோடு தலையாட்டினேன். கால்கள் மட்டும் தம்பாட்டில் பங்கர் தேடத் தொடங்கிவிட்டன.

கொலோனில் நிலத்தைத் தோண்டினால் இரண்டிலொன்று வரும். ரோமர் காலத்துப் பானை வந்தால் ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குண்டு வந்தால் நாங்கள் போகவேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால் பழைய தொழிற்சாலை ஒன்றை இடித்து அடுக்குமாடி கட்டத் தோண்டினார்கள். வந்தது பானை இல்லை.

எங்கள் கட்டடத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. தண்ணீர் வெட்டு என்று அறிவித்தால் விடுகிற அதே பெருமூச்சுத்தான். மூன்றாம் மாடிச் சோடி, நல்லதாய்ப் போயிற்று, வெளியே போய்க் காலைச் சாப்பாடு சாப்பிடலாம் என்றது. நான் முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நகரத்து உணவகமொன்றின் குசினியில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருக்கிறேன். என்னுடைய கிழங்குச் சாலட்டைச் சாப்பிட்டு ஜெர்மன்காரரே கண்கலங்கியிருக்கிறார்கள் என்று நான் சொல்லித் திரிவேன். உண்மையில் கண்கலங்கியவர் ஒருவர்தான், அதுவும் வெங்காயத்தால். அவ்வளவு காலம் இருந்தும், 'குண்டு' என்ற ஒரு சொல்லில் முப்பது வருட ஜெர்மன்காரன் உதிர்ந்து விழுந்து உள்ளே இருந்த யாழ்ப்பாணத்தான் எழும்பிவிட்டான்.

மனைவி என்னைவிட வேகம்.

"இஞ்சாருங்கோ, எத்தினை நாளுக்குச் சாமான் கட்டுறது?"

"அரை நாள் எண்டுதான் போட்டிருக்கு."

"அங்கையும் அப்பிடித்தானே சொன்னவை."

அரை நாள் என்று சொல்லிப் புறப்பட்டு, சொந்த வீட்டைத் திரும்பப் பார்க்காத மனிசியிடம் துண்டுப்பிரசுரத்தைக் காட்டி வாதாடினால் அது எடுபடுமா?

ஆகவே கட்டினோம். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ்கள், நகை, அடிக்கடி தொலையும் என் மூக்குக்கண்ணாடி, இரண்டு தேர்மோஸ் தேநீர், ஒரு தட்டம் நிறைய ரோல்ஸ், பத்துக் கிலோ அரிசி. அரிசி என்றால் அதை அவிக்கவேண்டும் அல்லவா? அதனால் ரைஸ் குக்கர். ரைஸ் குக்கர் என்றால் அதற்கு மின்சாரம் வேண்டும், போகிற இடத்தில் சுவரில் துளை தூரத்தில் இருந்தால் என்ன செய்வது? அதனால் நீட்டு வயர். நீட்டு வயரைத் தூக்கியபோது எனக்கே கொஞ்சம் கூடிப்போன மாதிரித்தான் பட்டது. ஆனால் நான் இந்த விஷயத்தில் மனைவிக்குக் கீழ்ப்படிகிறவன். மற்ற விஷயங்களிலும் அப்படித்தான்.

கீழ்வீட்டு அம்மாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். தொண்ணூறைத் தொடுகிறவர். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, நிலமாடியில் தனியாக இருக்கிறார். அவர் பிறந்ததும் இந்தத் தெருவில்தான். குண்டுவீச்சில் தெரு இல்லாமல் போய், திரும்பக் கட்டியபோது திரும்பி வந்தவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "அயலவரே" என்பார், ஏதோ அரசவையில் கூப்பிடுவது மாதிரி. அவர் பேசுவது கொலோன் ஜெர்மன். நான் அதை இங்கே யாழ்ப்பாணத் தமிழிலேயே எழுதிவிடப்போகிறேன், ஏனென்றால் என் தலைக்குள் அவர் அப்படித்தான் பேசுகிறார். இத்தனை வருடத்தில் பாதி யாழ்ப்பாணத்தவராகவே ஆகிவிட்டார். எங்கள் வீட்டு மாசிச் சம்பலைப் பாணில் பூசிச் சாப்பிடுகிற ஒரே ஜெர்மன் பெண்மணி அவர்தான்.

அவரோடு இருப்பது ஒரு பறவை. பச்சை நிறம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, சின்னக் கிளிச்சாதி. "என்ர பொடியன்" என்பார். பொடியனுக்குத் தெரிந்த மனித வார்த்தை ஒன்றே ஒன்று: "கதவைச் சாத்து!" நான் எப்போது உள்ளே போனாலும், காற்று உள்ளே வருகிறதென்று அந்த அம்மா கத்துவார், கேட்டுக் கேட்டுப் பறவை பாடமாக்கிவிட்டது. இப்போது இருவரும் ஒன்றாகக் கத்துகிறார்கள். அந்த வீட்டில் எனக்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அம்மாவை ஏற்றிப்போக முதலுதவி வண்டி வந்தது. வண்டிக்காரப் பெடியன்கள் நல்ல பிள்ளைகள், ஆனால் அவசரம். கூட்டை ஏற்ற இடமில்லை என்றுவிட்டார்கள். அம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"அயலவரே, என்ர கதவுத் திறப்பு உங்களிட்ட இருக்குத்தானே? பொடியனைத் துணியால மூடிவிடுங்கோ. அவன் நித்திரை கொள்ளட்டும். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம், ஓம். நீங்கள் யோசிக்காமல் போங்கோ."

இதில் பிழை விடுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். மூடு, பூட்டு, வா. மூன்று சொல். உருளைக்கிழங்கே இதைச் செய்துவிடும்.

மனைவி மூட்டைகளோடு காரடிக்குப் போய்விட்டார். போகும்போதே, "மேல யன்னல் எல்லாம் திறந்துவிட்டனீங்கள்தானே?" என்று கேட்டார். திறந்திருந்தேன். ஷெல்லடி, குண்டடி என்றால் யன்னலைத் திறந்துவைப்பது எங்களுக்கு இரத்தத்தில் ஊறியது. பூட்டிய யன்னல் அதிர்ச்சியில் நொறுங்கும், திறந்த யன்னல் தப்பும். கீழ்வீட்டுக் கதவைச் சாவியால் திறந்து உள்ளே போனேன். கூடு மேசையில் இருந்தது. பொடியன் முதுகைக் காட்டியபடி இருந்தான். துணியை எடுத்தேன்.

அந்த இடத்தில்தான் என் கை எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று.

ஊரைவிட்டு நாங்கள் ஓடியபோது கடைசியாகச் செய்கிற வேலை ஒன்று உண்டு. மாட்டை அவிழ்த்துவிடுவது. ஆட்டை அவிழ்ப்பது, கோழிக்கூட்டைத் திறப்பது, நாயின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுவது. யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. கட்டிய இடத்தில் ஒரு சீவன் சாகக்கூடாது, அவ்வளவுதான். எங்கள் தெருவில் எல்லாரும் அதைச் செய்தார்கள். நடக்கத் தொடங்கியபோது மாடுகளும் கொஞ்சத் தூரம் எங்களோடு வந்தன, அவற்றையும் இடம்பெயரச் சொல்லி அறிவித்த மாதிரி. அன்றைக்குப் பின் நான் எதையும் கட்டி வைத்ததில்லை. திறந்துவிட வேண்டி வந்ததுமில்லை. இந்தப் பச்சைப் பயல் கூட்டுக்குள் இருக்க, பின்வளவில் பெரிய குண்டு ஒன்று கிடக்க, நான் அதன் முன்னால் துணியோடு நிற்கிறேன். கை போய்க் கூட்டின் கதவைத் திறந்துவிட்டது.

பொடியன் அசையவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, தேவையென்றால் வரட்டும் என்று விட்டேன். மனதுக்கு எவ்வளவு திருப்தி! ஒரு நல்ல காரியம் செய்தால் இன்னொன்றும் செய்யத் தோன்றும் அல்லவா? பாவம் அம்மாவின் யன்னல் கண்ணாடி, நொறுங்கினால் இந்த வயதில் யார் கூட்டி அள்ளுவது? அறை யன்னலை அகலத் திறந்தேன்.

"கதவைச் சாத்து!" என்றான் பொடியன்.

"யன்னல்டா இது," என்று திருத்திவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, விசிலடித்தபடி காருக்குப் போனேன்.

எங்களை வைத்திருந்த இடம் ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மடிப்புக் கட்டில்கள், நீள மேசைகள், தொண்டர்கள், சூப் அண்டா. ஜெர்மன்காரர் ஒவ்வொருவரும் ஒரு புத்தகமும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் பத்துக் கிலோ அரிசியும் ரைஸ் குக்கரும் நீட்டு வயருமாக உள்ளே போனோம். மூன்றாம் மாடிச் சோடி எங்களைப் பார்த்து, கடை போடப்போகிறார்களோ என்கிற முகத்தோடு சிரித்தது. ஒரு தொண்டர் ஓடிவந்து, சமையல் பக்கம் அந்தக் கதவால் போகவேண்டும் என்று வழிகாட்டினார். நான் உண்மையில் சமையற்காரன் என்பதால் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

கீழ்வீட்டு அம்மா சுவரோரமாக, மேல்கோட்டைக் கழற்றாமல், நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். எங்கள் மூட்டையை மேலிருந்து கீழே பார்த்தார். சிரிக்கவில்லை.

"அரிசியோ?"

"ஓம்."

"நல்ல வேலை." கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு கரண்டியை எடுத்துக் காட்டினார். பழைய தகரக் கரண்டி. "நான் இது இல்லாமல் வெளிக்கிட்டதே இல்லை. அந்த நாளில சூப் குடுப்பினம், கரண்டி குடுக்கமாட்டினம்."

நம்பமாட்டீர்கள், சற்று நேரத்தில் மண்டபத்தில் பிளாஸ்டிக் கரண்டி முடிந்துபோயிற்று. தொண்டர்கள் அங்குமிங்கும் ஓட, படித்த மனிதர்கள் சூப்பைக் கோப்பையோடு உறிஞ்ச, இந்த அம்மா எண்பது வருடத்துக் கரண்டியால் ராணி மாதிரிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லவேண்டும் போலிருந்தது. மனைவி உண்மையிலேயே எழுந்துபோய் ரோல்ஸ் கொடுத்தார்.

திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் திடீரென்று கேட்டார்:

"கீழ்வீட்டு யன்னலும் திறந்தனீங்களோ?"

"ஓம்." நான் பாராட்டை எதிர்பார்த்தேன்.

"கிளியை மூடிவிட்டனீங்களோ?"

"இல்லை. கூட்டைத் திறந்துவிட்டனான்."

மனைவி ரோல்ஸைக் கடித்த வாயோடு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்குள் திறந்த கூடும் திறந்த யன்னலும் மெதுவாக ஒன்றையொன்று கண்டுபிடித்துக் கைகொடுத்துக்கொண்டன.

"ஐயோ," என்றேன்.

"உங்களுக்கு விசரே?"

"நீர்தானே யன்னலைத் திறக்கச் சொன்னனீர்!"

"நான் எங்கட யன்னலையெல்லோ சொன்னனான்!"

எழுந்து ஓடலாம் என்றால் தெருவைப் பொலிஸ் மறித்திருந்தது. ஒரு பறவைக்காகக் குண்டுக்காரர் வேலையை நிறுத்தமாட்டார்கள். அங்கே இரண்டு பேர், தெருவில் வேறு ஒரு மனிதரும் இல்லாமல், குழிக்குள் இறங்கி அந்தப் பழைய இரும்புக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார்கள் என்று ஒரு தொண்டர் சொன்னார். எண்பது வருடம் கழிந்தும் அது உயிரோடுதான் கிடக்கிறதாம். நான் எங்கள் குசினியில் கிரைண்டர் மூடி இறுகினாலே மற்றவரைக் கூப்பிடுகிறவன்.

"நாளைக்குத் திங்கட்கிழமை, கடை திறந்திருக்கும்," மனைவி குரலைத் தாழ்த்தினார். "அதே பச்சையில ஒண்டு வாங்கி வைப்பம்."

"அது கதவைச் சாத்தச் சொல்லுமே?"

மனைவி யோசித்தார். "நீங்கள் இரவிரவாச் சொல்லிக் குடுங்கோவன். செய்தது நீங்கள்தானே."

அந்த நேரம் பார்த்து அம்மா கையசைத்துக் கூப்பிட்டார். போனேன்.

"பொடியன் எப்பிடி இருக்கிறான்?"

"நித்திரை," என்றேன். வாய் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது.

"கூட்டுக் கொக்கி இறுக்கமோ?"

"இல்லை... அப்பிடி இல்லை."

அம்மா கரண்டியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வண்டியில ஏத்தின பிறகுதான் எனக்கு நினைவு வந்தது," என்றார். "எண்பது வருசமா மறக்காத விசயம், காலமை அந்தப் பெடியன்கள் அவசரப்படுத்தினதில மறந்துபோனன். திரும்பிப் போவம் எண்டு கேட்டன், ஏலாது எண்டுட்டினம்."

பிறகு அவர் சொன்னதை, அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

அவருடைய அப்பா தச்சுவேலை செய்தவர். போருக்கு இழுத்துப் போய்விட்டார்கள். ஒருமுறை லீவில் வந்தார். லீவு முழுவதும் பின்வளவில் முயல்பெட்டி ஒன்று செய்தார். வீட்டில் சாப்பாடு இல்லாத காலம். முயல் வளர்த்தால் பிள்ளைகள் இறைச்சி தின்னும். ஆனால் மற்றவர்களுக்கும் சாப்பாடு இல்லை, முயலைத் தூக்கிவிடுவார்கள். அதனால் பலகையைத் தடிப்பாகப் போட்டு, ஒரு கொக்கிக்கு இரண்டு கொக்கி வைத்து, அதற்குமேல் ஒரு தாழ்ப்பாளும் வைத்தார். இவருடைய தாயாலேயே திறக்கக் கஷ்டம். படையில் தகப்பன்மார் வேறு எதற்கும் காவல் நிற்கலாம். தன் வீட்டுக்குக் காவலாக அவரால் விட்டுப்போக முடிந்தது அந்தப் பெட்டிதான்.

"சைரன் ஊதினவுடன நான் வளவுக்கு ஓடினன், பெட்டியைத் திறக்க. அம்மா பிடிச்சு இழுத்தா. 'விடு, அப்பா நல்ல பூட்டாத்தான் போட்டிருக்கிறார், ஒருத்தரும் எடுக்கமாட்டினம், விடிய வந்து பாப்பம்' எண்டா. விடிய வந்து பாக்கேக்கை தெருவே இல்லை."

அந்த இரவை அவர் அதோடு தாண்டிப் போனார்.

"போர் முடிஞ்சு கன காலத்துக்குப் பிறகுதான் அப்பா வந்தவர். ரஷ்யாவில சிறையில இருந்தவர். ஆரோ பிச்சைக்காரர் எண்டு நான் உள்ளுக்கு ஓடிட்டன். அவர் இருந்து சூப்பைக் குடிச்சுப்போட்டு முதல் கேட்ட கேள்வி என்ன தெரியுமோ? 'முயல் என்னாச்சு?' அம்மா ஒரு செக்கன்கூட யோசிக்கேல்லை. 'சாப்பிட்டிட்டம், நல்ல கொழுப்பு' எண்டா."

"பொய்யோ?"

"முழுப் பொய். அந்த மனிசனுக்கு வந்த சந்தோசத்தைப் பாக்கோணும்! கை காலெல்லாம் எலும்பு, பல் பாதி இல்லை, ஆனா எழும்பி நடந்தார். சாகுமட்டும் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்லுவார்: 'நான் இல்லாதநேரம் என்ர பெட்டிதான் பிள்ளையளுக்குச் சாப்பாடு போட்டது.' அம்மா கிழங்கை நீட்டுவா. நான் வாங்குவன். ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கமாட்டம்."

அவர் கரண்டியைக் கோட்டுப் பையில் போட்டார்.

"அந்தக் குண்டைப் போட்ட பெடியனுக்கும் இருவது வயசு இருந்திருக்கும். மேல குளிரில விறைச்சுப்போய், கெதியாப் போட்டிட்டு வீட்டை போவம் எண்டு நினைச்சிருப்பான்."

இதை அவர் கோபமில்லாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொன்னார். எங்களுக்கு மேலே வந்த பொம்மர்காரனைப் பற்றி எனக்கு இன்னும் அப்படிப் பேச வராது. அவருக்கு வந்துவிட்டது. எத்தனை வருடம் எடுத்தது என்று கேட்க வாய் வந்தது, விட்டுவிட்டேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ஒரு பக்கம், அன்பான ஒரு பொய் ஒரு மனிதனை எழுப்பி நடக்கவைத்த கதையை இப்போதுதான் கேட்டிருக்கிறேன். எனக்கு வேண்டியதும் அப்படி ஒரு பொய்தான். பாதியை ஏற்கெனவே சொல்லியும் விட்டேன். 'நித்திரை' என்று. மறுபக்கம், அந்தப் பொய் இந்த அம்மாவின் தலைக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது? பறவையைக் கூட்டுக்குள் பூட்டி, இருட்டாக்கி, அதற்குப் பக்கத்தில் குண்டை வைத்திருக்கிறது. நான் ஆறுதலுக்குச் சொன்ன சொல், அவர் மடியில் முயல்பெட்டியாகக் கனக்கிறது. பொய் சொல்வதற்கும் ஆளையும் நேரத்தையும் அறிகிற புத்தி வேண்டும். அந்தத் தாய்க்கு அது இருந்தது. எனக்கு இருப்பது கிழங்கு அவிக்கிற புத்தி.

"அம்மா," என்றேன், "நான் கூட்டைத் திறந்துவிட்டனான்."

"என்ன?"

"மூடேல்லை. திறந்துவிட்டனான். ஊரில நாங்கள் வெளிக்கிடேக்கை மாட்டை அவிட்டுவிடுவம், கோழிக்கூட்டைத் திறந்துவிடுவம். கை பழக்கத்தில செய்துபோட்டுது."

அவர் என்னையே பார்த்தார்.

"அப்ப அவன் கூட்டுக்குள்ள இல்லை."

"இல்லை."

"பூட்டியில்லை."

"இல்லை."

அவருடைய தோள்கள் கோட்டுக்குள் இறங்கின. காலையிலிருந்து அவர் அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "மாட்டை அவிட்டுவிடுவியளோ," என்றார். "எங்களுக்கு ஒருத்தரும் அதைச் சொல்லேல்லை. நாங்கள் வடிவாப் பூட்டிப்போட்டுப் போனம். நல்ல வடிவா." சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தோடு கதையை முடித்துக்கொண்டு நல்ல பெயரோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் மனைவி பின்னால் வந்து நின்று என் முதுகில் விரலால் குத்தினார். மிச்சத்தையும் சொல்லு என்று அர்த்தம்.

"யன்னலையும் திறந்துவிட்டனான்," என்றேன்.

சிரிப்பு நின்றது.

"எந்த யன்னல்?"

"உங்கட அறை யன்னல். அகலமா."

அதுவரை பன்னிரண்டு வருடமாக அவர் என்னை மரியாதையான 'நீங்கள்' தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு முதல்தடவையாக 'டூ' என்றார். ஜெர்மன்காரர் ஒருவர் 'நீ' என்று கூப்பிட அனுமதி தருவது ஒரு சடங்கு. கைகுலுக்கி, சிலவேளை கிளாஸ் தட்டி நடக்கும். எனக்கு அது இப்படி நடந்தது:

"கழுதை! கூடு சரி. யன்னல் எதுக்கடா?"

"கண்ணாடி நொறுங்கும் எண்டு..."

"எனக்கும் தெரியும் நொறுங்கும் எண்டு! என்ர அம்மாவும் திறந்தவதான்! பறவை இருக்கிற வீட்டில ஆரடா திறப்பான்? மார்ச் மாசக் குளிர்! போ, போய்த் தேடு!"

"ரோட்டு மறிச்சிருக்கு..."

"திறந்தவுடன போ!"

பிற்பகல் மண்டபத்து ஒலிபெருக்கி, குண்டு செயலிழக்கச் செய்யப்பட்டது என்று அறிவித்தது. எல்லாரும் கைதட்டினார்கள், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒழுங்காக. என் பக்கத்துக் கட்டில்காரர் கைத்தொலைபேசியில் படம் காட்டினார்: துருப்பிடித்த பெரிய இரும்பு, இரு புறமும் இரண்டு மனிதர்கள், பெரிய மீன் பிடித்தவர்கள் மாதிரிக் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தபடி. பார்த்தால் பாடசாலை உடற்பயிற்சி ஆசிரியர்கள் மாதிரித்தான் இருந்தார்கள். காலையில் இவர்கள் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வெளிக்கிட்டிருப்பார்கள்? போயிட்டு வாறன் என்றுதானே?

நான் ஓடினேன். ஓடினேன் என்பது எழுத்துக்காக, வேகமாக நடந்தேன்.

கீழ்வீட்டில் கூடு வெறுமையாக இருந்தது. யன்னல் திரை மட்டும் ஆடியது. அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, விளக்குக்குள் எல்லாம் பார்த்தேன். பொடியன் இல்லை. ஒரு கீரை இலையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

கொலோனில் பச்சைக்கிளி தேடுகிறவனுக்கு ஒரு சிக்கல் உண்டு. இந்த நகரத்து மரங்களில் நூற்றுக்கணக்கான பச்சைக்கிளிகள் சுதந்திரமாகத் திரிகின்றன. எங்கள் இலங்கை, இந்தியப் பக்கத்துக் கிளி, நீள வால், சிவப்புச் சொண்டு. யாரோ கொண்டுவந்து கூட்டிலிருந்து தப்பியவை பெருகிவிட்டன. என்ன வதிவிட அனுமதியில் இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. பின்னேரமானால் கூட்டமாக வந்து மரத்தில் இருந்து கத்தும். அந்தப் பின்னேரமும் வந்திருந்தன. மரம் முழுக்கப் பச்சை. அதற்குக் கீழே, வழுக்கைத் தலையும் தொந்தியுமாக ஒருவன், கீரை இலையைத் தூக்கிப்பிடித்து, "கதவைச் சாத்து! கதவைச் சாத்து!" என்று ஜெர்மனில் மரத்தைப் பார்த்துக் கத்துகிறான். அவனுக்குத் தெரிந்த பறவை பாஷை அதுதான். வீடு திரும்பிக்கொண்டிருந்த மூன்றாம் மாடிச் சோடி நின்று பார்த்தது. அந்தப் பெண் மெதுவாக என் தோளைத் தொட்டு, எல்லாம் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார். போர் கண்ட நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இப்படியான நாளில் பழசெல்லாம் திரும்பும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் நன்றி சொல்லிவிட்டு மீண்டும் கத்தினேன்.

முதலுதவி வண்டி வந்து நின்றது. அம்மாவை இறக்கினார்கள். என்னைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"பறந்தவன் பறக்கட்டும்," என்றார் கடைசியில். "பூட்டிக்கிடக்கேல்லைத்தானே." ஆனால் கண் மரத்தைவிட்டு இறங்கவில்லை.

அப்போது எங்கள் வீட்டு யன்னலிலிருந்து மனைவியின் தலை எட்டிப்பார்த்தது.

"இஞ்சாருங்கோ! அங்கை நிண்டு கத்தாதேங்கோ! மேல வாங்கோ!"

"கிளி தேடுறன்!"

"கிளி இஞ்சை என்னைக் கதவைச் சாத்தச் சொல்லிக் கத்துது!"

நான் படியேறியது இந்த முறை உண்மையிலேயே ஓட்டம்தான். பொடியன் எங்கள் சாமித்தட்டில், பிள்ளையார் படத்துச் சட்டத்தின் மேல் இருந்தான். கீழே யன்னலைத் திறந்தேன், அதற்கு நேர் மேலே எங்கள் யன்னலையும் அகலத் திறந்தே வைத்திருந்தேன் அல்லவா? வெளியே வந்தவன், மார்ச் மாதக் குளிரைக் கண்டதும் முதலில் தெரிந்த யன்னலுக்குள் புகுந்திருக்கிறான். பிள்ளையாருக்கு வைத்த ஆப்பிளில் பாதியைத் தின்று முடித்திருந்தான். படத்தின் கண்ணாடியில் தன் வருகையைப் பதிவும் செய்திருந்தான். மனைவி பூசைத்தட்டை எவர் தொட்டாலும் பொறுக்காதவர். அன்றைக்கோ, யன்னலைச் சாத்திவிட்டு, மிச்ச ஆப்பிளையும் நறுக்கி வைத்தார்.

அம்மாவை நாற்காலியோடு மேலே தூக்கிவர வண்டிக்காரப் பெடியன்களைக் கெஞ்சவேண்டியிருந்தது. கதவடிக்கு வந்ததும் பொடியன், "கதவைச் சாத்து!" என்றான்.

"சாத்திறன், சாத்திறன்," என்றார் அம்மா. அவருடைய விரலில் அவன் ஏறியதும் நாங்கள் எல்லாரும், வண்டிக்காரப் பெடியன்கள் உட்பட, வேறு எங்கோ பார்த்தோம். பிறகு மனைவி ரைஸ் குக்கரை மூட்டையிலிருந்து எடுத்துச் சோறு போட்டார். நீட்டு வயர் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, கூட்டுக் கதவைக் கழற்றச் சொன்னார். முழுவதுமாக, கொக்கியோடு. குறட்டால் நெரித்து, விரலிலும் ஒரு கீறல் வாங்கி, கழற்றினேன். தச்சுவேலைக்காரரின் மகளுக்கு என் வேலை பிடிக்கவில்லை. உச்சுக் கொட்டினார். இப்போது பொடியன் நினைத்தபடி உள்ளே போகிறான், வருகிறான், அலுமாரியெல்லாம் எச்சம். அதற்கும் திட்டு எனக்குத்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஆற்றங்கரைப் பக்கம் இன்னொரு குண்டு கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வேலையில்லை, தூரம். ஆனாலும் செய்தி வந்த உடனேயே வாசல் மணி அடித்தது. போய்க் கதவைத் திறந்தேன். மூன்றாம் மாடிச் சோடி நாற்காலியோடு தூக்கிவர, அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு, பையில் கரண்டியோடு இருந்தார்.

"எங்களுக்கில்லை அம்மா, இது அங்கால."

"தெரியும்," என்றார். "சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்." என் கை மறுபடி எதையும் திறந்துவிட்டதோ என்ற சந்தேகத்தில், என்னைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்து, எங்கள் யன்னல்கள் எல்லாம் பூட்டியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, திருப்தியோடு திரும்பினார்.